கையில் கொடுக்கக்கூடிய கத்தி

"வாங்கிக்க."

"கீழ வைங்க."

"கையில வாங்கு மாரீ."

"கீழ வைங்கன்னு சொல்றேன்ல."

சுருளிவேல் கத்தியை நீட்டிக்கொண்டு நின்றான். மாரீஸ்வரி இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. மிளகுப்பொடி பாக்கெட்டின் ஓரத்தை வெட்டத்தான் அவள் கத்தி கேட்டாள். பல்லால் கடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. என்னவோ அன்றைக்கு அவள் பல்லால் கடிக்கவில்லை.

கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தால் சண்டை வரும். கொடுப்பவர் கீழே வைக்க வேண்டும், வாங்குபவர் எடுத்துக்கொள்ள வேண்டும். பீர்மேட்டுப் பக்கத்து அந்த எஸ்டேட் லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் எல்லா வீடுகளிலும் இதுதான் வழக்கம். சுருளிவேல் மட்டும் இதற்கு விரோதி. அவன் தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர். ஸ்பேனர் போட்டுக் கழற்றிப் பார்க்க முடியாத எதையும் அவன் நம்புவதில்லை.

"சண்டை எப்படி வரும்? எனக்கு வெளக்கு. கத்திக்குள்ளேர்ந்து எறங்கி வருமா?"

"எனக்குத் தெரியாது. வரும்."

"வராது."

"வரும்."

"வராதுன்னு சொல்றேன்ல!"

"இப்ப எதுக்குச் சத்தம் போடுறீங்க?"

"நான் எங்க சத்தம் போட்டேன்? நீதான் போடுற!"

"நானா? நானா போடுறேன்?"

பக்கத்து வீட்டுச் சந்தனம் சுவரைத் தட்டினாள். அதற்குள் பேச்சு மாரீஸ்வரியின் அண்ணன் கல்யாணத்தில் சுருளிவேலுக்குப் பந்தியில் இடம் கொடுக்காதது வரை போய்விட்டது. அங்கிருந்து அவள் சீமந்தத்துக்கு அவன் அம்மா வாங்கி வந்த பச்சைச் சேலையின் தரம். அந்தச் சேலை கிழிந்த கதைக்கு வந்ததும் மாரீஸ்வரி சட்டென்று நிறுத்தினாள்.

"பாத்தீங்களா? வந்துருச்சா, இல்லியா?"

சுருளிவேல் கையைப் பார்த்தான். கத்தி இன்னும் நீட்டியபடியேதான் இருந்தது.

"இது சண்டை இல்ல. அபிப்பிராய வித்தியாசம்."

"அப்படியா? சரி. இனிமே உங்ககிட்ட நான் வாயத் தொறந்தா என் பேரு மாரீஸ்வரி இல்ல."

இந்தச் சபதத்தை அவள் கல்யாணமான நாளிலிருந்து எடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். வழக்கமாக உலை கொதிப்பதற்குள் அது முடிந்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான், படுக்கப் போகும்போது "லைட்ட யாரு அமத்துவா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். சுருளிவேல் நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் சனிக்கிழமை, அவனுக்கு விடிகாலை ஷிஃப்ட். அவன் கிளம்பும்போது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எழுப்பாமல் போய்விட்டான்.

ஃபாக்டரியில் தேயிலையை நசுக்கும் உருளைக்கு அடியில் படுத்து போல்ட் முறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அவனுக்கு உண்மை விளங்கியது. தப்பு அவன் மேல் இல்லை. மாரீஸ்வரி மேலும் இல்லை. கத்தி மேல்தான்.

அது ஒரு மடக்குக் கத்தி. போன வருஷம் திருவிழாக் கடையில் அவனே வாங்கியது. ஆணி லூஸாகி, அலகு தனக்குத் தோன்றினால் திறக்கும், தோன்றினால் மூடிக்கொள்ளும். ஒரு தடவை கேரட் சீவும்போது மாரீஸ்வரியின் கட்டை விரலோடு சேர்ந்து மூடிக்கொண்டது. அப்படிப்பட்ட கத்தியை யார் கையில் வாங்குவார்கள்? அவளுக்குப் பயம். அந்தப் பயத்துக்கு அவள் வைத்த பேர்தான் 'சண்டை வரும்'.

ஆக, நல்ல கத்தி வேண்டும். மடங்காத கத்தி. அலகும் பிடியும் ஒன்றாக, அசையாமல், சின்னதாக. பால் கவர் வெட்ட, தேங்காய்ச் சில்லு நோண்ட, கொய்யா நறுக்க, சணல் அறுக்க, எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி. நம்பிக்கையாகக் கையில் வாங்கக்கூடிய கத்தி. அவள் வாங்குவாள், சண்டை வராது, அதோடு அந்த மூடநம்பிக்கையின் கதை முடிந்தது. அவன் உருளைக்கு அடியிலிருந்து எண்ணெய் முகத்தோடு வெளியே வந்தபோது முடிவு செய்துவிட்டிருந்தான். சுருளிவேல் ஒரு முடிவு எடுத்தால் அதை இழுத்துத் திருப்ப எந்த ஸ்பேனராலும் முடியாது.

சாயங்காலம் வாசலிலேயே ஆரம்பித்தான்.

"மாரீ! கண்டுபிடிச்சுட்டேன். கோளாறு கத்தியிலதான்."

பதில் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தான். மாரீஸ்வரி அடுப்பு மேடைக்குக் கீழே பலகை போட்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

அவனுக்குத் திக்கென்றது. அப்படி உட்காரக் கூடாது, குடும்பத்துக்கு ஆகாது என்று தேனியில் ஹாஸ்டலில் படிக்கும் மகளை எத்தனையோ தடவை திட்டியவள் அவள். இப்போது அவளே உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன, இன்னும் கோவமா?"

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

சாப்பாடு கஞ்சி. ஆறிப்போன கஞ்சி. துவையல் இல்லை, மிளகாய் இல்லை, ஊறுகாய் ஜாடியைக்கூட மேல் பலகைக்கு ஏற்றிவிட்டிருந்தாள். இது தண்டனை என்று அவனுக்குப் புரிந்தது. அவளும் அதையே இரண்டு கரண்டி குடித்துவிட்டு எழுந்தாள். தன்னையும் சேர்த்துத் தண்டித்துக்கொள்கிறாள். இது சாதாரணக் கோபம் இல்லை.

"ஒரு வார்த்தை பேசு மாரீ."

அவள் வாயைச் சுட்டிக் காட்டினாள். கையை விரித்து ஆட்டினாள். பிறகு இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"ரெண்டா? ரெண்டு பேருக்கும் இனிப் பேச்சு கெடையாதா?"

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ரெண்டா பிரிஞ்சிரலாங்குறியா?"

அவள் எழுந்து போய், சாமி படத்துக்குப் பின்னால் சொருகியிருந்த பேனாவை எடுத்தாள். பழைய காலண்டர் தாளைக் கிழித்தாள். சுருளிவேல் பாய்ந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டான்.

"எழுத்து மூலமா மட்டும் எதுவும் வேண்டாம் மாரீ! காலப் பிடிச்சுக் கேக்குறேன்!"

இதில் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எஸ்டேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாயால் பேசுகிற வரைக்கும் தகராறு. தாளில் எழுதிவிட்டால் அது கேஸ். யூனியன் ஆபீசில் வாய்ப்பேச்சாக வந்ததெல்லாம் ஒரு கட்டன் சாயாவில் தீர்ந்திருக்கிறது. எழுத்தில் வந்ததெல்லாம் தொடுபுழா கோர்ட், கொச்சி கோர்ட் என்று போய், எழுதியவர் பென்ஷன் வாங்கிய பிறகும் திரும்பி வந்ததில்லை.

மாரீஸ்வரி கன்னத்தில் கை வைத்துப் படுத்துக்கொண்டாள். வீட்டில் சத்தமே இல்லை. கதவை ஏன் சாத்தவில்லை, சட்டையை ஏன் கட்டில் மேல் போட்டீர்கள், காலைக் கழுவினீர்களா என்று ஒரு கேள்வி இல்லை. இவ்வளவு நாள் அந்தக் குரல் எப்போது ஓயும் என்று காத்திருந்தவனுக்கு, அது ஓய்ந்ததும் பயமாக இருந்தது. அவள் பேசாவிட்டால் அந்த வீட்டில் தனக்கு ஒரு ஜோலியும் இல்லை என்று தோன்றியது. அவனாகவே எழுந்து போய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் ஆளாக சிலுவைராஜின் ஜீப்பில் ஏறினான். சிலுவைராஜ் டவுனுக்கும் எஸ்டேட்டுக்கும் ஜீப் ஓட்டுகிறவன், சின்ன வயதிலிருந்து சிநேகிதன்.

"கத்திய கையில குடுத்ததுக்கா பேசாம இருக்கு தங்கச்சி?" என்றான் அவன். "நாங்க வேதக்காரங்க மாப்ள. எங்களுக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கெடையாது."

சுருளிவேலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாக்கெட்டிலிருந்த மடக்குக் கத்தியை எடுத்து நீட்டினான்.

"நீதான்டா மனுஷன். இந்தா, வாங்கு."

"வண்டி ஓட்டுறேன்ல."

"நிறுத்திட்டு வாங்கு."

சிலுவைராஜ் நிறுத்தினான். கத்தியைப் பார்த்தான். சுருளிவேலைப் பார்த்தான்.

"சீட்ல வை. எடுத்துக்கிறேன்."

டவுனில் பாத்திரக்கடை மலையாளிச் சேட்டன் அப்போதுதான் கடை திறந்து ஊதுபத்தி ஏற்றியிருந்தார்.

"சின்னப் பிச்சாத்தி வேணும். மடங்காதது. வீட்டு ஜோலிக்கு."

"அதினெந்தா, நல்ல சாதனம் உண்டு." சேட்டன் அட்டையில் சொருகியிருந்த சிவப்புப் பிடிக் கத்தி ஒன்றை உருவி, கண்ணாடி மேசை மேல் வைத்தார்.

"கையில தாங்க."

"எந்தினா?"

"கையில குடுத்தா எப்படி இருக்குன்னு பாக்கணும்."

"அய்யோ, வேண்டா சேட்டா. கட தொறந்து மொதல் கச்சவடம். இப்பவே அடிபிடி வேண்டா." சேட்டன் ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.

கத்தி பளபளவென்று இருந்தது. சின்னது, எடையே இல்லை. சட்டைப் பையில் பேனாபோல வைக்கலாம். மடங்காது. சுருளிவேல் அலகை ஆட்டிப் பார்த்தான், பிடியிலிருந்து அசையவில்லை. அவசரத்தில் அதை மட்டும்தான் பார்த்தான். வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்தான்.

மாரீஸ்வரி அதே பலகையில், அதே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவன் கத்தியைத் திருப்பி, பிடியை அவள் பக்கமாக நீட்டினான். மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

அவள் கன்னத்திலிருந்து கையை எடுக்காமல், இன்னொரு கையால் வாங்கிக்கொண்டாள். கையிலிருந்து கைக்கு!

"பாத்தியா!" சுருளிவேல் துள்ளினான். "கையில வாங்கிட்டே! சண்டை வந்துச்சா?"

அவள் பேசவில்லை.

"வந்துச்சான்னு கேக்குறேன்."

பேசவில்லை.

"வரலேன்னாச்சும் சொல்லேன்!"

அவள் அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்தபோது, வந்திருக்கிறதா இல்லையா என்று அவனுக்கே சந்தேகமாகிவிட்டது.

பிறகு அவள் தேங்காய் மூடியை எடுத்து, கத்தியின் நுனியை உள்ளே விட்டு ஒரு நெம்பு நெம்பினாள். தேங்காய் அப்படியே இருந்தது. கத்தி வளைந்து எழும்பி, அவளையே எட்டிப் பார்த்தது. அவளுக்குச் சிரிப்பு வந்ததுபோலிருந்தது. உடனே முகம் சுருங்கி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கத்தியைத் தரையில் வைத்துவிட்டு மறுபடி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

சிரிக்க வந்தவள் தன்னைப் பார்த்ததும் அழுகிறாள் என்று சுருளிவேல் எடுத்துக்கொண்டான். இருந்தாலும் அவன் தளரவில்லை. கையில் வாங்கிவிட்டாள், அது பாதி ஜெயம். கத்தி வளைந்திருக்காவிட்டால் பேசியிருப்பாள். இன்னும் நல்ல கத்தியாக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

திரும்பவும் சிலுவைராஜ், திரும்பவும் ஜீப். இந்தத் தடவை சந்தைக் கடைசியில் இருக்கும் கொல்லுப் பட்டறைக்குப் போனான். கொல்லர் வயதானவர், பேச்சு கொஞ்சம், சந்தேகம் அதிகம்.

"எதுக்குக் கத்தி?"

"பொண்டாட்டிக்கு."

கொல்லர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"குடுக்குறதுக்குய்யா," என்றான் சுருளிவேல். "சண்டை வராம இருக்க."

"சண்டை வராம இருக்கணும்னா எதுக்கு ஓய் கத்தி?"

சிலுவைராஜ் நடுவில் புகுந்து எல்லாவற்றையும் சொன்னான். கொல்லருக்கு விளங்கியதா தெரியவில்லை, ஆனால் செய்து வைத்திருந்த கத்திகளைச் சாக்கில் பரப்பினார். பழைய ஜீப்பின் ஸ்பிரிங் பட்டையை வெட்டிக் காய்ச்சி அடித்தவை. சுருளிவேல் குந்தி உட்கார்ந்தான். இந்தத் தடவை அவசரப்படக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

முதல் கத்தியின் நுனி ஊசியாக இருந்தது. கை தவறினால் யாரையாவது குத்தும், வேண்டாம். இரண்டாவது கிட்டத்தட்ட வாக்கத்தி, ஏலக்காட்டில் கிளை கழிக்கிறதுக்கு ஆகும். மூன்றாவதன் பிடி வழவழவென்று உருண்டை, ஈரக்கையில் வழுக்கும். பிடியைத் திருப்பி, அலகின் வால் பிடிக்குள் எதுவரைக்கும் போயிருக்கிறது என்று பார்த்தான். பாதியோடு நின்றிருந்தால் ஒதுக்கினான்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. அலகு அவன் நடுவிரல் நீளம்தான். முதுகு தடிமன், கொடுக்கிறவன் அதைப் பிடித்துக்கொண்டு பயமில்லாமல் நீட்டலாம். வால் பிடியின் கடைசி வரை ஓடி, மூன்று ஆணியால் இறுகியிருந்தது. பிடி பலா மரம், கையில் பிடித்தால் கை மறந்துவிடும். தேங்காய்ச் சில்லை நெம்பினான், கழன்று வந்தது. சணலை வைத்தான், இழுக்க வேண்டியிருக்கவில்லை. செய்தித்தாள் ஓரத்தை மயிரிழையாகச் சீவியது. ஒன்று சொல்ல வேண்டும்: சுருளிவேல் அந்த ஞாயிற்றுக்கிழமை செய்ததெல்லாம் கிறுக்குத்தனம் என்றாலும், கத்தி நல்ல கத்தி.

"உறை?"

"தைக்கிறவன் ஊர்ல இல்ல. அடுத்த வாரம் வா."

அடுத்த வாரம் வரைக்கும் யார் மாரீஸ்வரி பேசாமல் இருப்பதைத் தாங்குவது? செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டான். முதல் வளைவிலேயே கத்தி தாளை அறுத்துக்கொண்டு வெளியே வந்தது. இரண்டாவது வளைவில் சிலுவைராஜின் சீட்டை ஒரு கீறு கீறியது.

"மாப்ள, நீ எறங்கி நட. லயம் இந்தா இருக்கு."

அப்படித்தான் சுருளிவேல், பொழுது சாயும் வேளையில், உறையில்லாத புதுக் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, பனிக்குள்ளிருந்து லயத்துக்குள் நடந்து வந்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி அவன் போட்ட கூச்சலை லயம் முழுக்கக் கேட்டிருந்தது என்பது அவனுக்கு ஞாபகம் இல்லை.

குழாயடியில் பக்கத்து வீட்டுச் சந்தனம் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"சந்தனம், இத கொஞ்சம் கையில வாங்கேன்."

அவள் திரும்பினாள். குடம் நிரம்பி வழிந்தது. "எ... எதுக்குண்ணே?"

"சண்டை வருதான்னு பாக்கணும்."

சந்தனம் குடத்தை விட்டுவிட்டு ஓடினாள். சுருளிவேல் பின்னாலேயே போனான்.

"ஓடாத! ஒண்ணும் ஆகாது! உங்கிட்டப் பாத்துட்டுத்தான் மாரீகிட்டப் போகணும்!"

இதைவிடத் தெளிவாக யாரும் ஒரு கொலைத் திட்டத்தைச் சொல்ல முடியாது. சந்தனம் போட்ட கூச்சலில் எல்லாக் கதவும் திறந்தது. திறந்த கதவெல்லாம், அவன் கையைப் பார்த்ததும் பாதி சாத்திக்கொண்டது. அவன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்குள் பின்னால் ஒரு கூட்டம், முன்னால் யூனியன் கன்வீனர் ராக்கப்பன்.

ராக்கப்பன் பெரிய மீசைக்காரர். கம்பெனி மேனேஜரையே கைநீட்டிப் பேசுகிறவர்.

"சுருளி, கத்தியக் குடு." கையை நீட்டினார்.

சுருளிவேலின் முகம் மலர்ந்தது. அலகின் முதுகைப் பிடித்து, பிடியை அவர் பக்கம் திருப்பி, மரியாதையாக நீட்டினான். "வாங்கிக்கங்கண்ணே."

நீட்டிய கையை ராக்கப்பன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"கீழ வை."

"கையில வாங்குங்கண்ணே."

"கீழ வைடாங்குறேன்!"

"நீங்க கையில வாங்கினாத்தான் குடுப்பேன். இல்லேன்னா குடுக்க மாட்டேன்!"

"பாத்தீங்களா," என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். "கத்திய விட மாட்டேங்குறான்."

சத்தம் கேட்டு மாரீஸ்வரி வெளியே வந்தாள். கன்னத்தில் கை. கண்கள் சிவந்து, தலை கலைந்து, இரண்டு நாள் பட்டினி கிடந்தவள்போல இருந்தாள். பெண்கள் "அய்யோ" என்றார்கள்.

"தங்கச்சி, பயப்படாத, நாங்க இருக்கோம்," என்றார் ராக்கப்பன். "இவன் உன்ன மெரட்டுறானா?"

அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை.

"வாயால சொல்லும்மா."

அவள் வாயைக் காட்டினாள். கையை விரித்தாள்.

"பயத்துல வாயடைச்சுப் போச்சு," என்றாள் சந்தனம். "நேத்துலேர்ந்து இவ குரலே சொவத்துக்கு அந்தாண்ட கேக்கலண்ணே. வெள்ளிக்கெழமைதான் கடைசியாக் கேட்டுது."

மாரீஸ்வரி பல்லைக் கடிக்கவில்லையே தவிர, அவள் முகத்தில் அந்தக் கோபம் இருந்தது. பக்கத்திலிருந்த ஒருத்தரின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள். ராக்கப்பன் பதறிப்போய் அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். பேனாவை மட்டும் கையிலேயே வாங்கினார்.

"எழுதாத தாயி! எழுதினா அது பராதி. பராதின்னா நான் மேல அனுப்பியாகணும், போலீஸ் வரும், இவன் வேல போயிரும். வாயால ஒரே ஒரு வார்த்த சொல்லு, குடும்ப விஷயம்னு நாங்க கலைஞ்சு போயிடுறோம். சொல்லலேன்னா, கம்பத்துலேர்ந்து உன் தம்பி அருண்பாண்டி வண்டியேறிட்டான். சந்தனம் போன் போட்டுட்டா. வந்து உன்னக் கூட்டிட்டுப் போயிருவான்."

கூட்டிட்டுப் போயிருவான். அதுதான் சுருளிவேலின் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் இரைச்சல்.

அவன் மாரீஸ்வரியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. அவள் போய்விட்டால், லைட்டை யார் அமத்துவது என்று கேட்க ஆள் இருக்காது. மூடநம்பிக்கை செத்தால் என்ன, பிழைத்தால் என்ன? ஃபிட்டர் சுருளிவேல், ஸ்பேனரால் கழற்ற முடியாத எதையும் நம்பாத சுருளிவேல், வாசல் படிக்கு முன்னால் முழங்காலில் உட்கார்ந்தான். கத்தியை இரண்டு கையாலும் எடுத்து, மெதுவாக, பூ வைப்பதுபோலத் தரையில் வைத்தான்.

"தோத்துட்டேன் மாரீ," என்றான். "எல்லாரும் கேட்டுக்கங்க. கத்தியக் கையில குடுத்தா சண்டை வரும். வந்துச்சு. நான் கண்ணால பாத்துட்டேன். இனிமே கத்தி, உப்பு, ஊசி, எதையும் நான் கையில குடுக்க மாட்டேன். பூனை குறுக்க வந்தா திரும்பி வந்துருவேன். பல்லி சொன்னா கேட்டுக்குறேன். நீ என்ன சொன்னாலும் நம்புறேன். ஒரே ஒரு வார்த்த மட்டும் பேசு. திட்டு. பரவால்ல, திட்டியாச்சும் பேசு."

சந்தனம் மூக்கை உறிஞ்சினாள். ராக்கப்பன் மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"பேசும்மா," என்றார்கள் பெண்கள். "மனுஷன் இவ்வளவு எறங்கி வந்துட்டான். பேசிரு தாயி."

"பேசுக்கா!"

"ஒரு வார்த்த!"

மாரீஸ்வரி அழுதுகொண்டே குனிந்து, தரையிலிருந்த கத்தியை எடுத்தாள். பிடியைப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது. பிறகு சுருளிவேலின் தலையில் கையை வைத்தாள். உதடு லேசாக அசைந்தது. எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள்.

அப்போது டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த நர்மதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே புகுந்தாள். கடைசி வீட்டுப் பெண், டவுனில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் வேலை பார்ப்பவள். தோளில் பை, கையில் குடை, முகத்தில் ஆத்திரம்.

"யாரு இவங்களப் பேசச் சொல்றது? நேத்துக் காலையிலதான் கடவாப்பல்லப் புடுங்கித் தையல் போட்டு, ரெண்டு நாளைக்கு வாயத் தொறக்கவே கூடாதுன்னு எங்க டாக்டர் சொல்லி அனுப்பியிருக்காருண்ணே!"